சுவரில் இடம் உண்டு, பட்டியலில் கிடையாது

2015 நவம்பரிலிருந்து 2016 பிப்ரவரி வரை பாரிஸ் பாம்பிடு மையத்தின் பொது நூலகத்தில் க்ளேர் ப்ரெதேஷே வரைந்த படங்களுக்கு ஒரு பின்னோக்குக் கண்காட்சி நடந்தது. அது நடந்துகொண்டிருந்தபோதே, 2016 ஜனவரியில், அங்குலேம் காமிக்ஸ் விழாக்குழு தன் உச்சப் பரிசுக்கு 30 பேர் பட்டியலை வெளியிட்டது. அதில் பெண்கள் எத்தனை பேர் தெரியுமா? பூஜ்யம்!

யார் இந்தம்மா என்று கேட்பவர்களுக்கு: லயன் காமிக்ஸ் புண்ணியத்தில் நமக்கெல்லாம் லக்கி லூக் தெரியும் இல்லையா? அதற்குக் கதை எழுதிய கோசினிதான் 1963ல் இவருக்கு முதலில் வாய்ப்புக் கொடுத்தவர். 1969ல் 'செல்யுலித்' என்று அழகில்லாத ஒரு இளவரசியை வரைந்தார். 1972ல் கோட்லிப், மான்ட்ரிகாவோடு சேர்ந்து சொந்தமாகப் பத்திரிகையே ஆரம்பித்தார். 1973லிருந்து ஒரு வாரப் பத்திரிகையில் 'லே ஃப்ரூஸ்த்ரே'. சோபாவில் சரிந்து கிடந்தபடி புரட்சியும் பெண் விடுதலையும் பேசும் படித்த வர்க்கத்தைக் கிழி கிழி என்று கிழித்த தொடர். பெரிய பின்னணி எல்லாம் கிடையாது. அதே சோபா, அதே ஆள், கட்டத்துக்குக் கட்டம் ஒரு தோள் மட்டும் கொஞ்சம் சரியும். அவ்வளவுதான், ஆள் காலி! ரோலண்ட் பார்த்தே இவரை அந்த ஆண்டின் சிறந்த சமூகவியலாளர் என்று சொன்னார்.

சரி, பட்டியலுக்கு வருவோம். விழாக்காரர்கள் சொன்ன சமாதானம், காமிக்ஸ் வரலாற்றிலேயே பெண்கள் குறைவு, நாங்கள் என்ன செய்ய முடியும் என்பது. அடப்பாவிகளா, அந்த வரலாறு ரயிலில் சில மணி நேரத் தூரத்தில் சுவரில் மாட்டியிருந்ததே! வரலாற்றை மாற்றச் சொல்லி யார் கேட்டார்கள்? 2016ல் உட்கார்ந்து 30 பெயர் எழுதியது வரலாறு அல்ல, நீங்கள்.

"ப்ரெதேஷேவுக்குத்தான் பரிசு கொடுத்தோமே" என்று சிலர் வருவார்கள். கொடுத்தது விழாவின் பத்தாவது ஆண்டுக்கான சிறப்புப் பரிசு. பந்தியில் இலை போடாமல் திண்ணையில் தனியாகச் சோறு போட்டுவிட்டு 'சாப்பிட்டாயிற்றே' என்பது மாதிரி. 1974லிருந்து 2015 வரை வழக்கமான உச்சப் பரிசு வாங்கிய பெண் ஃப்ளோரன்ஸ் செஸ்தாக் ஒருவர்தான், அதுவும் 2000ல்.

பின்னோக்குக் கண்காட்சியும் எனக்கு இப்படித்தான் படுகிறது. மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் ஒருவரைச் சுவரில் ஏற்றிவிட்டால் மற்ற பெண்களைப் பற்றி யோசிக்க வேண்டாம் என்ற வசதியும் அதில் இருக்கிறது பாருங்கள்.

பெண் படைப்பாளிகள் புறக்கணிப்புக்கு அழைத்தார்கள். ரியாத் சத்தூஃப், டேனியல் க்ளோஸ் என்று பட்டியலில் இருந்த ஆண்களே விலகினார்கள். குழு முதலில் சில பெண்களைச் சேர்க்கிறோம் என்றது, பிறகு பட்டியலையே கைவிட்டது. பரிசு ஹெர்மானுக்குப் போனது. அதற்குப் பிறகு 2019ல் ரூமிகோ தகாஹாஷி, 2022ல் ஜூலி தூசே, 2024ல் போஸி சிம்மண்ட்ஸ், 2025ல் அனூக் ரிக்கார். தேடினால் கிடைக்கிறார்கள்!

ப்ரெதேஷே 2020 பிப்ரவரியில் இறந்தார். அந்த விழாக்குழுக் கூட்டத்தை வரைய அவருக்கு ஒரு சோபா போதும்.