பெயர் தமிழில், அடையாளம் ஆங்கிலத்தில்

தென்கொரியாவின் முதல் அதிபரை சிங்மன் ரீ என்று உலகம் அறியும். 2025-இல் அதிபர் பொறுப்பேற்றவர் லீ ஜே மியுங். இருவரின் குடும்பப் பெயரும் ஒன்றே. கொரிய எழுத்தில் அது வெறும் 'இ'. ரோமன் எழுத்துக்கு மாறும்போதுதான் ஒருவர் ரீ ஆகிறார், மற்றவர் லீ ஆகிறார். 2000-ஆம் ஆண்டில் ரோமன் எழுத்துமுறையைத் திருத்திய அந்நாட்டு அரசு, ஊர்ப் பெயர்களை மாற்றியது; ஆட்பெயர்களை அவரவர் வழக்கத்துக்கே விட்டுவிட்டது. துறைமுக நகரான புசானின் முதல் எழுத்து அப்போதுதான் மாறியது. தமிழில் எழுதினால் பழையதும் புதியதும் புசான்தான்!

கொரியப் பெயரின் பொருளைக் காதால் கேட்டு மட்டும் சொல்லிவிட முடியாது. 'ஜி' என்ற அசைக்கு எந்தச் சீன எழுத்தைப் பெற்றோர் தேர்ந்தார்கள் என்பதைப் பொறுத்து, அது அறிவாகலாம், மனவுறுதியாகலாம், நிலமாகலாம். பெயர்களுக்கென அனுமதிக்கப்பட்ட சீன எழுத்துகள் 8,000-க்கும் மேல். ஹனுல் (வானம்), அருஉம் (அழகு) போன்ற தனிக்கொரியப் பெயர்களும் உண்டு. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதையும், இராமையா அன்பழகன் ஆனதையும் கண்ட நமக்கு அந்த வேட்கை புதிதன்று.

கொரியரின் அடையாளம் கொரிய எழுத்தில் இருக்கிறது. ரோமன் வடிவம் பெரும்பாலும் கடவுச்சீட்டுக்கானது. நாமோ உள்ளூர் வங்கிக் கணக்குக்குக்கூட ஆங்கில எழுத்தையே அடையாளமாக்கிவிட்டோம்.

எங்கள் இளம்பிள்ளையின் பெயரையே ஆங்கிலத்தில் 'இ' எழுத்தில் தொடங்குவோரும் உண்டு, 'ஐ' எழுத்தில் தொடங்குவோரும் உண்டு. எப்படி எழுதினாலும் சேலைக்கட்டு ஊருக்கு வந்துவிடும். எழிலரசி என்ற பெண்ணுக்கு அந்தச் சலுகை இல்லை. பள்ளிச் சான்றிதழில் அவருடைய ழகரம் 'இசட்-எச்'; ஆதாரில் 'எல்'. தலைப்பெழுத்து திருமணத்துக்கு முன் தந்தையுடையது, பின் கணவருடையது. கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராகி, அயல்நாட்டில் அவரை அப்பா பெயரால் அழைப்பார்கள்.

இதைப் பொருளியலில் பரிவர்த்தனைச் செலவு என்போம். சேலைக்கு இவ்வளவு என்று கூலி பெறும் விசைத்தறித் தொழிலாளி, வைப்புநிதிக் கணக்கில் ஓர் எழுத்தைத் திருத்த அலையும் நாளில் தறி நிற்கிறது. அந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

சீர்மை வேண்டும் என்று அரசே எழுத்துக்கூட்டலை விதிப்பதும் தீர்வாகாது. 2020-இல் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றிய தமிழக அரசாணை, எதிர்ப்பும் கேலியும் எழவே சில நாள்களில் திரும்பப் பெறப்பட்டது. ஊருக்கே அப்படி என்றால், ஆளுக்கு? 2021 டிசம்பரில் தலைப்பெழுத்தையும் தமிழில் எழுதப் பிறப்பித்த ஆணையை நான் வரவேற்கிறேன். ஆனால், ஒப்பிட்டுப் பார்க்கும் கணினிக்குத் தமிழ் வடிவம் கணக்கில் இல்லாதவரை அது கையெழுத்தோடு நின்றுவிடும்.

2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தோருக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் கடவுச்சீட்டு வரை பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆதாரம். எனவே, அதில் விழும் முதல் எழுத்துக்கூட்டல் குழந்தையை வாழ்நாள் முழுதும் தொடரும். ஆங்கில வடிவங்கள் முரண்பட்டால் பிறப்புச் சான்றிதழின் தமிழ் வடிவமே செல்லும் என்று மாநில அரசின் துறைகளாவது ஏற்கட்டும். பெயரைப் பதியும் அலுவலகத்தில், இரு எழுத்திலும் அச்சிட்ட தாளைப் பெற்றோரிடம் காட்டிய பிறகே பதிவு முடிய வேண்டும். கூடுதலாக ஆகப்போவது ஒரு நிமிடமும் ஒரு தாளும்தான்.