பச்சை இலை ஒட்டிய இயந்திரம் பழுதானபின் யாருடையது?

மலேசியாவின் பேரா மாநிலத்தில் உள்ள பாரிட் புந்தார் கடைத்தெருவில், கவுண்டரை எடுத்துவிட்டுத் தொடுதிரைச் சுயசேவை இயந்திரம் வைக்கும் பேச்சு எழுந்துள்ளது. வட்டாரப் பயனீட்டாளர் குழுவின் செயலவை சுயசேவை இயந்திரங்களை எதிர்க்கவில்லை. தக்க நிபந்தனைகளோடு வந்தால் வரவேற்கலாம் என்றே பெரும்பான்மையோர் கருதுகிறார்கள். ஆனால் நெற்றியில் ஒரு பச்சை இலையை ஒட்டி, ‘இயற்கைக்கு உகந்தது’ என்று எழுதிவிட்டால் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்ற நினைப்பைக் குழு ஏற்கவில்லை.

முதலில் சிறிய கோரிக்கைகள். ரசீது, கேட்பவருக்கு மட்டும் அச்சாகட்டும். சூட்டில் எழுத்துத் தெரியும் அந்தத் தாளில் பூசப்படும் பிஸ்பினால்-ஏ வேதிப்பொருளை ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரியிலேயே கடுமையாகக் கட்டுப்படுத்திவிட்டது. இங்கும் அது இல்லாத தாளைக் கேட்டு வாங்கலாம். முதியவர்களுக்கும் ரொக்கம் கொண்டுவருவோருக்கும் ஆள் உள்ள கவுண்டர் ஒன்றாவது இருக்க வேண்டும். சுற்றுச்சூழல் அறிக்கையில் இதற்கு என்ன வேலை என்று செயலவையில் வாதம் நடந்தது. ஆனாலும் இடம்பெறுகிறது.

மின்சாரக் கணக்கு எளிது. 200 வாட் இழுக்கும் ஓர் இயந்திரம், கடை மூடியிருக்கும் 12 மணி நேரமும் எரிந்துகொண்டிருந்தால் ஆண்டுக்கு 876 யூனிட் வீண். யாரும் பார்க்காத பர்கர் படத்துக்காக இரவெல்லாம் ஒளிரும் திரை அது. இதே பேராவில், மஞ்சோங் கடற்கரையில், சுமார் 4,100 மெகாவாட் திறனுள்ள நிலையம் நிலக்கரியை எரித்துத்தான் நாட்டுக்கு மின்சாரம் அனுப்புகிறது. நேரம் பார்த்துத் தானே அணையும் ஒரு சுவிட்ச் என்ன விலை?

இவை எல்லாவற்றையும் சரிசெய்த பிறகும் பெரிய கேள்வி அப்படியே நிற்கிறது. இந்தப் பெட்டி எத்தனை ஆண்டு உழைக்கும், உழைத்து முடிந்தபின் எங்கே போகும்?

சுயசேவை இயந்திரம் என்பது பெரும்பாலும் இரும்புக் கூட்டுக்குள் இருக்கும் ஒரு சாதாரணக் கணினிதான். கூடு பல ஆண்டு தாங்கும். உள்ளே இருக்கும் மென்பொருள்தான் முதலில் கைவிடுகிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-இல் நிறுத்தியது. திரை தெளிவாக இருக்கும், அச்சுப்பொறி ஓடும், ஆனாலும் புதியதை வாங்குங்கள் என்று விற்பனையாளர் சொல்வார். இத்தனைக்கும் இத்தகைய இயந்திரங்களுக்கென்றே வரும் நீண்டகாலப் பதிப்பு ஒன்றுக்கு 2032 வரை ஆதரவு உண்டு. வாங்கும் நாளில் யாராவது கேட்டிருக்க வேண்டும், கேட்பதில்லை.

சட்டமும் கைகொடுப்பதில்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு உதிரிப்பாகங்களும் பழுதுபார்க்கும் வசதியும் கிடைப்பதற்கான உத்தரவாதத்தைப் பேசுகிறது. ஆனால் அது வீட்டுப் பயனுக்கு வாங்கும் பொருள்களுக்கானது. கடைக்காரர் வாங்கும் இயந்திரம் அதற்குள் வராது.

பழுதான மின்னணுப் பொருள் நம் நாட்டில் எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணின் கீழ் அட்டவணைக் கழிவு. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற இடத்துக்குத்தான் அது போக வேண்டும். காகிதத்தில் அப்படி. பேப்பர் லாமா எனப்படும் பழைய பொருள் வாங்கும் லோரிக்காரரிடம் கொடுத்தால் இரும்புக்கும் செம்புக்கும் காசு கிடைக்கும், மற்றதைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். லோரிக்காரர்மீது குழுவுக்கு வருத்தமில்லை. வழி காட்டாமல் விற்றுவிட்டுப் போனவர்மீதுதான்.

உலக அளவில் 2022-இல் உண்டான மின்கழிவு 6.2 கோடி டன் என்றும், முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே என்றும் ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கை சொல்கிறது.

பேராக்காரர்களுக்கு இதில் பழைய கணக்கு ஒன்று உண்டு. அது நடந்த இடம் புக்கிட் மேரா. கிரியான் மாவட்டத்தின் ஏரிக்கரைப் புக்கிட் மேரா அல்ல. ஈப்போவுக்கு அருகே லஹாட்டை ஒட்டிய புக்கிட் மேரா. அங்கே ஜப்பானின் மிட்சுபிஷி கெமிக்கல் பங்கு வைத்திருந்த ஏசியன் ரேர் எர்த் ஆலை, 1982 முதல் வெள்ளீயச் சுரங்க மணலிலிருந்து அரிய மண் உலோகங்களைப் பிரித்தது. திரைகளை ஒளிரவைப்பது அதே குடும்பத்து உலோகங்கள்தாம். உலோகம் கப்பலேறியது, கதிரியக்கத் தோரியக் கழிவு ஊரில் தங்கியது. மக்கள் 1985-இல் வழக்குப் போட்டார்கள். 1992 ஜூலை 11-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 1993 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றியது. மறுமாதம் ஆலையே தன்னை மூடிக்கொண்டது. துப்புரவுக்கு ஆன செலவு சுமார் 10 கோடி அமெரிக்க டாலர்.

கடையோரத் திரையைக் கதிரியக்க ஆலையோடு ஒப்பிடுவது மிகை என்று செயலவையில் சிலர் சொன்னார்கள். ஆபத்தின் அளவில் அது மிகைதான், ஒப்புக்கொள்ளப்படுகிறது. ஆனால் இலாபம் ஒருவருக்கு, குப்பை ஊருக்கு என்ற ஏற்பாட்டை இந்த மாநிலம் ஒருமுறை பார்த்துவிட்டது. போதும்!

தானியங்கி இயந்திரம் என்றாலே கேடு என்பதல்ல. சென்னை கோயம்பேடு சந்தையில் 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் மஞ்சப்பை இயந்திரத்தை 2022-இல் வைத்தார்கள். ஞெகிழிப் பையைக் குறைக்க அது உதவக்கூடும். அந்தப் பெட்டிக்கும் மேற்கண்ட கேள்விகள் பொருந்தும் என்பது வேறு விஷயம்.

எனவே குழு கேட்பது இது. இயந்திரத்தை விற்பவரே பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்வதாக விற்பனை ஒப்பந்தத்தில் எழுதித் தர வேண்டும். உதிரிப்பாகங்களும் மென்பொருள் ஆதரவும் இயன்றவரை பத்து ஆண்டு கிடைக்க வேண்டும். (‘இயன்றவரை’ என்பது நீண்ட பேச்சுக்குப் பின் சேர்ந்த சொல்.) திரை போனால் திரையை மட்டும் மாற்றும்படி கூடு திருகாணியால் பூட்டப்பட வேண்டும், பசையால் அல்ல. உள்ளூராட்சி மன்றம் வணிக உரிமத்தைப் புதுப்பிக்கும்போது இந்த ஒப்பந்தத்தைக் கேட்டுப் பார்க்கலாம். ஆற்றைத் தாண்டினால் நிபோங் திபாலில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. பழுதுபார்க்கும் பயிற்சிக்கு அதை அணுகவும் குழு எண்ணியுள்ளது.

திரும்ப எடுக்கும் ஒப்பந்தத்தைக் காட்டாத எந்தக் கடையின் ‘பசுமை’ அறிமுக விழாவுக்கும் குழுவின் பொறுப்பாளர்கள் போகமாட்டார்கள். தனிப்பட்ட முறையில் போக விரும்பும் உறுப்பினர்களைக் குழு தடுக்காது.