பனூ இஸ்ராயீல் யாருடைய வரலாறு?



நமது பயான் மேடைகளில் பனூ இஸ்ராயீலின் வரலாறு பேசப்படாத மாதமில்லை. காளைக் கன்றை வணங்கியது, சனிக்கிழமையில் தந்திரமாக மீன் பிடித்தது, இறைவனிடம் செய்த உடன்படிக்கையை முறித்தது என ஒவ்வொன்றையும் விரித்துரைத்து, இறுதியில் "இவர்களே யூதர்கள்" என்று முடித்துவிடுகிறோம். கேட்டவர்கள் மனநிறைவோடு கலைந்து செல்கின்றனர். இவ்வழக்கம் தவறானது என்றே நாம் கருதுகிறோம். அல்லாஹ் அவ்வரலாற்றை நமக்கு அருளியது பிறர்மீது எறிவதற்காக அன்று.

அந்த நபிமார்கள் யாரைக் கண்டித்தார்கள் என்று பாருங்கள். இல்யாஸ் (அலை) அவர்கள் பஅல் என்னும் சிலையை அழைத்துவந்த தம் சமூகத்தாரையே எதிர்த்து நின்றார்கள் (37:123-126). தாவூத் (அலை), ஈஸா (அலை) ஆகியோரின் நாவால் சபிக்கப்பட்டோரும் அவர்களது சொந்த மக்களே. தம்மிடையே நிகழ்ந்த தீமையை அவர்கள் ஒருவரையொருவர் தடுக்கவில்லை என்பதை 5:79 எடுத்துரைக்கிறது. அயலாரின் குறையைச் சொல்ல நபி தேவையில்லை. அதற்குத் தேநீர்க்கடையே போதும்.

சென்ற அறுவடையின்போது திண்டிவனம் பக்கத்து விவசாயி ஒருவர், மாற்று மதத்தவர், நம்மிடம் கேட்டார்: "பாய், வெள்ளிக்கிழமை கடையைப் பூட்டிட்டுத் தொழப் போறாரு. திரும்பி வந்து நெல்லு மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சுக்கிறாரு. உங்க சாமி எடையைப் பத்திக் கேக்க மாட்டாரா?"

அளவையில் மோசடி செய்வோருக்குக் கேடு என்று தொடங்கும் ஓர் அத்தியாயமே உண்டு, அது 83ஆம் அத்தியாயம் என்றோம். "அதை அவருக்குச் சொல்லியிருக்கீங்களா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். நம்மிடம் விடையில்லை.

யூதர்களின் வேதத்தொகுப்பில் ஆமோஸ் என்பவரின் பெயரால் ஒரு நூல் உண்டு. பெயர் கூறப்படாத தூதர்களும் உள்ளனர் என்று குர்ஆன் அறிவிக்கிறது (40:78). இவர் அவர்களுள் ஒருவரா என்பதை அல்லாஹ்வே அறிவான். வேதக்காரர்கள் கூறுவதை மெய்யென்றும் பொய்யென்றும் சொல்லாமல் விடுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அந்த வரம்புக்குள் நின்றே சொல்கிறோம். கி.மு. 8ஆம் நூற்றாண்டில் தெற்கே ஆடு மேய்த்துவந்த அவர், வடக்கே பெத்தேலுக்குச் சென்று அங்குள்ள வணிகர்களைக் கண்டித்ததாக அந்நூல் கூறுகிறது. ஓய்வு நாள் எப்போது முடியும், தானிய வியாபாரத்தை எப்போது தொடங்கலாம் என்று அவர்கள் காத்திருந்தனராம். மரக்காலைச் சிறிதாக்கினர், எடைக்கல்லைப் பெரிதாக்கினர், பதரையும் கோதுமையோடு விற்றனர். ஓய்வு நாளை அவர்கள் மீறவில்லை என்பதைக் கவனியுங்கள். வணக்கம் ஒழுங்காக நடந்தது. தராசு மட்டுமே பொய்த்தது.

ஜும்ஆ முடிந்ததும் பூமியில் பரவி அல்லாஹ்வின் அருளைத் தேடுமாறு கூறும் 62:10, அதே மூச்சில் அவனை அதிகம் நினைவுகூருமாறும் கட்டளையிடுகிறது. அந்த நினைவுகூர்தல் தராசின் முன்னால் நடக்க வேண்டியது.

வியாபாரியின் எடையை விவசாயி நம்ப இயலாமற்போனதும் ஒரு காரணமாகவே 1933இல் சென்னை வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டம் வந்தது. இன்று விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் உள்ளன. தராசுக்கு அரசு முத்திரையும் உண்டு. ஆனால் முத்திரையிட்ட தராசில் சரியாக நிறுத்துவிட்டு, "ஈரம்", "சாக்கு", "தூசு" என்று வாயால் கழிப்பதை எந்த முத்திரை தடுக்கும்? தானியக் குவியலுக்குள் கையை விட்டு, ஈரத்தை மறைத்து விற்றவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தது நமக்குத் தெரியாததா? அங்கே விற்பவர் ஈரத்தை மறைத்தார். இங்கே வாங்குபவர் இல்லாத ஈரத்தைக் காட்டுகிறார்.

"இக்காலத்தில் நம் குறையை நாமே வெளியில் சொன்னால் நம்மை வெறுப்போருக்கு அது ஆயுதமாகும்" என்று சிலர் கூறுவர். அவர்களது அச்சம் நமக்கும் புரிகிறது. ஆனால் அந்த விவசாயிக்கு இது முன்பே தெரியும். நாம் மறைப்பது நம்மிடமிருந்துதான்.

ஓசியா என்னும் மற்றொருவரின் நூலில், அம்மக்களின் இறைப்பற்று விடிந்ததும் மறையும் பனிக்கு ஒப்பிடப்படுகிறது. மார்கழியில் மல்லாட்டைக் கொல்லையைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ரமளானில் இடமின்றி வாசலில் பாய் விரிக்கும் நம் பள்ளிகளில், ஷவ்வால் பிறந்ததும் ஃபஜ்ருக்கு ஒரு வரிசை நிறைவதில்லை. செயல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாயினும் நிலைத்துச் செய்யப்படுவதே என்பது நபிமொழி.

வியாபாரிகளை மட்டும் குறைகூறித் தப்பித்துக்கொள்ள நமக்கு உரிமையில்லை. பாவமான பேச்சையும் விலக்கப்பட்டதை உண்பதையும் மார்க்க அறிஞர்கள் தடுத்திருக்க வேண்டாமா என்று 5:63 கேட்கிறது. அக்கேள்வி மதரஸாவில் ஊதியம் பெறும் நம்மை நோக்கியது. அந்த ஊதியத்துக்கான சந்தா எந்தக் கடைகளிலிருந்து வருகிறது என்பதும் நமக்குத் தெரியும். பெத்தேலின் மதகுரு ஆமோஸை ஊரைவிட்டுப் போகச் சொன்னாராம். நம்மை யாரும் போகச் சொல்வதில்லை, நாமே பேசுவதில்லை.

விவசாயி கேட்ட அந்த வாரமே ஜும்ஆ பயானில் 83ஆம் அத்தியாயத்தை எடுத்தோம். முடிந்ததும் நிர்வாகிகளுள் ஒருவர் அருகில் வந்து, "ஹஜ்ரத், அடுத்த வாரம் யூசுப் நபி வரலாறு பேசுங்களேன், ஜனங்க விரும்பிக் கேப்பாங்க" என்றார். தலையசைத்தோம். யூசுப் (அலை) அவர்கள் தானியக் களஞ்சியங்களின் பொறுப்பைக் கேட்டுப் பெற்றபோது, தாம் நம்பிக்கையாகப் பாதுகாப்பவர் என்பதையே தகுதியாகக் கூறினார்கள் (12:55). வரும் வெள்ளிக்கிழமை அந்த வசனத்திலிருந்தே தொடங்கவிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.