நோய்க்குப் பாஷை இல்லை

2025 மார்ச் 1-ம் தேதி அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் ஓர் உத்தரவு போட்டார். ஆங்கிலமே அந்நாட்டின் ஆட்சிமொழி என்றார். ஆங்கிலம் அறியாதோருக்கு மொழி உதவி தரவேண்டுமென 2000-ல் கிளிண்டன் பிறப்பித்த உத்தரவையும் ரத்து செய்தார். தோட்டத்தில் பழம் பறிக்க மெக்சிகோ கூலியின் கை வேண்டும். ஆஸ்பத்திரியில் அவன் பாஷை மட்டும் வேண்டாம்! இதுவே முதலாளித்துவ நியாயம்.

இந்த நியாயம் அங்கே மட்டும்தானா? திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீகார், ஒடிசாத் தொழிலாளர் நம்மோடு உழைக்கிறார்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்டவேண்டும். தன் பங்கை மிச்சம் பிடிக்க, காண்டிராக்டர் வழியாக ஆள் எடுத்து, பெயரைப் பதியாமலே விடும் முதலாளிகள் உண்டு. மிஷினில் விரல் போனவன், டாக்டர் கேட்பது புரியாமல் விழிக்கிறான்.

“இந்திக்காரன் வந்து கூலியைக் கெடுத்தான்” என்று நம்மவரிலும் சிலர் பேசுகிறார்கள். தோழர்களே, கூலியைக் கெடுப்பவன் மலிவாக ஆள் தேடும் முதலாளியே! இந்தித் திணிப்பை எதிர்ப்பது வேறு. இந்தி பேசும் தொழிலாளியை வெறுப்பது வேறு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலேயா ரப்பர் தோட்டத்துக்கும் பிழைக்கப் போன நம் பாட்டன்மார் எந்தப் பாஷை பேசினார்கள்?

கேரளத்தில் 2017-ல் இடதுசாரி அரசு வெளிமாநிலத் தொழிலாளருக்கென்றே ‘ஆவாஸ்’ இன்ஷூரன்ஸ் திட்டம் கொண்டுவந்தது. இங்கே ஏன் முடியாது? ஒவ்வொரு தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. கார்டு, தொழில் நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் அவர்கள் பாஷை தெரிந்த ஊழியர்: இவையே நம் கோரிக்கை. அவர்களையும் சங்கத்தில் சேர்ப்போம், சேர்ந்து போராடுவோம்!