மரத்தில் இருக்கிறது, பாத்திரத்தில் இல்லை

கடந்த பனைப் பருவத்தில் வடமராட்சியில் ஒரு தவறணைக்குப் பின்னால், விற்காமல் மிஞ்சிய கள்ளை நிலத்தில் ஊற்றுவதைப் பார்த்தேன். விடியற்காலையில் ஏறி இறக்கியவரின் உழைப்பில் பாதி மண்ணுக்குப் போனது.

கள்ளு முட்டிக்குள்ளேயே நொதிக்கத் தொடங்கிவிடும். ஒரு நாள் கடந்தால் புளித்து வினாகிரியின் பக்கம் போகும். அப்படியே போத்தலில் அடைத்து மூடினால் வாயு பெருகிப் போத்தல் வெடிக்கலாம். அளவான சூட்டில் பதப்படுத்தி அடைத்தால்தான் மாதக்கணக்கில் நிற்கும்.

அமெரிக்காவில் 1978இல் இயற்றப்பட்ட சட்டம், வீட்டுப் பாவனைக்கான பியருக்கு ஆண்டுக்குச் சுமார் 750 லீற்றர்வரை வரிவிலக்கு அளித்தது. வீட்டில் தயாரித்தவர்கள் குளிர்பானக் கம்பனிகள் கைவிட்ட 19 லீற்றர் உருக்குப் பீப்பாய்களை வாங்கி, வாயு உருளை பொருத்திப் பியரைப் பாதுகாத்தார்கள். பின்னர் சிறு ஆலைகளைத் தொடங்கியவர்களில் பலர் இவர்களே.

இங்கே பேச்சு பெரும்பாலும் திக்கம் வடிசாலையை யார் நடத்துவது என்பதிலேயே நிற்கிறது. சில சங்கங்கள் கள்ளைப் போத்தலில் அடைத்து விற்கின்றன. சிறிய சங்கங்கள் பலவற்றுக்கு அந்த வசதி எட்டவில்லை.

போருக்குப் பின் மது எங்கள் வீடுகளில் செய்த சேதத்தை அறிவேன். வீட்டுக்கு வீடு பீப்பாய் வைக்க நான் கேட்கவில்லை. ஆனால் கள்ளை ஊற்றிவிடுவதால் குடி குறையவில்லை. அந்த இடத்தைச் சாராயமும் கசிப்பும் பிடிக்கின்றன. சங்கத்துக்கு ஒரு சூடாக்கும் தொட்டி, ஒரு மூடியிடும் கருவி. அடுத்த பருவத்துக்கு முன் இதைச் சங்கக் கூட்டங்களில் சீவல் தொழிலாளர்களே கேட்க வேண்டும்.