மான் பொதுச் சொத்து, கேட்டில் பூட்டு: அமெரிக்க வேட்டைக்காரர்களுக்கு என்ன பிரச்சினை?

நவம்பர் வந்தால் அமெரிக்கக் கிராமங்களில் இது வழக்கமான காட்சி. விடிவதற்கு முன்பே எழுந்து, ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, பிக்அப் டிரக்கில் மான் வேட்டைக்குக் கிளம்புவார்கள். சின்ன வயதில் அப்பாவோடு போன அதே ஓடைக்கரை, அதே ஓக் மரம். நிலம் அவர்களுடையது இல்லை, பக்கத்துப் பண்ணைக்காரருடையது. "போய்ட்டு வாங்க, கேட்டை மட்டும் மறக்காம சாத்திடுங்க" என்று அவர் சொல்வதுதான் அனுமதி.

ஒரு வருடம் அந்தப் பெரியவர் காலமாகிறார். பிள்ளைகள் நிலத்தை விற்கிறார்கள். அடுத்த சீசனில் போய்ப் பார்த்தால் கேட்டில் புதுப் பூட்டு. பக்கத்தில் 'அத்துமீறி நுழையாதீர்' போர்டு. எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. புகார் கொடுக்கவும் இடமில்லை. இருபது வருடப் பழக்கம் அதோடு முடிந்தது.

அமெரிக்க வேட்டைக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பலரும் சொல்லும் கதை இது. ஒருவரின் மனவருத்தம் போலத் தெரிந்தாலும், இதற்குப் பின்னால் காட்டுயிர்ப் பாதுகாப்புக்கான பணமும் பொது நிலத்தின் மீது மக்களுக்கு உள்ள உரிமையும் இருக்கின்றன.

மான் யாருக்குச் சொந்தம்?

இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானை வேட்டையாடினால் சிறை. அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மான் வேட்டை சட்டப்பூர்வமானது. ஆனால் லைசென்ஸ், சீசன், எத்தனை மான் என்ற வரம்பு எல்லாம் உண்டு. மீறினால் அபராதம், சிறைகூட உண்டு.

முக்கியமான விஷயம், அங்கே காட்டுமான் யாருடைய தனிச்சொத்தும் இல்லை. மக்களின் சார்பில் மாநில அரசு அதைப் பராமரிக்கிறது. ஒருவரின் தோட்டத்தில் மேய்வதாலேயே மான் அவருடையதாகிவிடாது. ஆனால் அது நிற்கும் மண் அவருடையது. லைசென்ஸ் கையில் இருந்தாலும், கால் வைக்க அவர் சம்மதம் வேண்டும். சிக்கல் ஆரம்பிப்பதே இங்கேதான்.

பூட்டு ஏன் விழுகிறது?

டெக்சாஸ் மாநிலத்தில் சுமார் 95 சதவீத நிலம் தனியாரிடம் இருக்கிறது. மத்திய மேற்கு, கிழக்கு மாநிலங்கள் பலவற்றிலும் பெரும்பகுதி தனியார் நிலம்தான். அங்கெல்லாம் வேட்டை நடப்பது நில உரிமையாளரின் தயவில்.

அந்தத் தயவு குறைவதற்குக் காரணங்கள் பல. முதலாவது பணம். வேட்டை உரிமையைச் சீசனுக்கு லீஸுக்கு விட்டால் விவசாயிக்கு நிலையான வருமானம். இலவசமாக வந்துபோன பக்கத்து ஊர்க்காரரின் இடத்துக்கு, பணம் கட்டும் நகரத்துக் குழு வருகிறது. இரண்டாவது, நிலம் கைமாறுவது. வாரிசுகள் வெளியூரில் இருக்கிறார்கள்; நிலம் பிளாட்டாகிறது, அல்லது தன் சொந்த வேட்டைக்காகவே ஒரு பணக்காரர் வாங்கிப்போடுகிறார். மூன்றாவது பயம். யாராவது விழுந்து காலை உடைத்துக்கொண்டு வழக்குப் போட்டால் என்ன செய்வது? கட்டணம் வாங்காமல் அனுமதிக்கும் உரிமையாளருக்கு எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனாலும் 'எதுக்கு வம்பு?' என்று பூட்டிவிடுபவர்கள் ஏராளம். டெக்சாஸ், மிசௌரி போன்ற மாநிலங்களில் போர்டுகூட வேண்டாம். மரத்தில் ஊதா பெயின்ட் அடித்திருந்தால் 'உள்ளே வராதே' என்று அர்த்தம்.

சரி, அரசு நிலத்துக்குப் போகலாமே?

மேற்கு மாநிலங்களில் அரசு நிலம் நிறையவே இருக்கிறது. வயோமிங்கில் கிட்டத்தட்ட பாதி நிலம் மத்திய அரசுடையது. ஆனால் அதில் ஒரு பகுதிக்குப் போய்ச்சேரவே வழி கிடையாது.

1862இல் ரயில் பாதை போடுவதற்காக அமெரிக்க அரசு ரயில் நிறுவனங்களுக்கு நிலம் கொடுத்தது. கொடுத்த விதம்தான் விநோதம். பாதையோர நிலத்தை ஒரு மைலுக்கு ஒரு மைல் என்று சதுரமாகப் பிரித்து, ஒன்றுவிட்டு ஒன்றை நிறுவனத்துக்குக் கொடுத்து, மீதியை அரசு வைத்துக்கொண்டது. அப்படியே செஸ் போர்டு! கறுப்புக் கட்டம் அரசுக்கு, வெள்ளைக் கட்டம் ரயில்வேக்கு. வெள்ளைக் கட்டங்கள் பிறகு பண்ணையார்களிடம் போய்ச்சேர்ந்தன.

இப்போது ஒருவர் கறுப்புக் கட்டத்தில் நிற்கிறார். அடுத்த கறுப்புக் கட்டத்துக்குப் போக வேண்டுமானால் பிஷப் போல மூலை வழியாகத்தான் நகர வேண்டும். மூலை என்பது வெறும் புள்ளி. அதைத் தாண்டும்போது உடம்பு ஒரு நொடி வெள்ளைக் கட்டத்தின் மேலே உள்ள காற்றில் இருக்கும். அது அத்துமீறலா?

இப்படி மூலைகளில் மாட்டிக்கொண்ட பொது நிலம் மேற்கு மாநிலங்களில் மட்டும் 83 லட்சம் ஏக்கர் என்று, வேட்டைக்காரர்கள் பயன்படுத்தும் ஆன்எக்ஸ் என்ற மேப் ஆப் நிறுவனம் 2022இல் கணக்கிட்டது. எல்லைக்கோடு எங்கே போகிறது என்பது ஒரு காலத்தில் சர்வேயருக்கு மட்டுமே தெரியும். இன்று போனைப் பார்த்தால் சில அடிகள் முன்பின்னாகத் தெரிந்துவிடும்.

ஏணி போட்ட நால்வர்

2021இல் மிசௌரியிலிருந்து வயோமிங்குக்கு வேட்டைக்குப் போன நான்கு பேர், ஒரு மடக்கு ஏணியை மூலையில் நிறுத்தி, தனியார் மண்ணை மிதிக்காமல் அரசு நிலத்திலிருந்து அரசு நிலத்துக்கு இறங்கினார்கள். பக்கத்து நிலம் வேறு மாநிலத்துத் தொழிலதிபர் ஒருவரின் 22,000 ஏக்கர் பண்ணை. அத்துமீறல் வழக்குப் பாய்ந்தது. 2022இல் ஜூரி அவர்களை விடுவித்தது. அதோடு முடியவில்லை. நிலத்தின் மதிப்பே குறைந்துவிட்டது என்று 70 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு கேட்டது பண்ணைத் தரப்பு. யோசித்துப் பாருங்கள், அந்த மதிப்பில் ஒரு பங்கு, பொது நிலத்துக்குள் பொதுமக்கள் வர முடியாது என்பதால் வந்தது!

2023இல் கீழ் நீதிமன்றமும், 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தன. பொது நிலத்துக்குப் போகும் வழியை அடைக்கக் கூடாது என்ற 1885ஆம் ஆண்டு மத்தியச் சட்டம்தான் கைகொடுத்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்ததால் தீர்ப்பு நிலைத்தது. ஆனால் அது கட்டுப்படுத்துவது வயோமிங் உள்ளிட்ட ஆறு மாநிலங்களை மட்டுமே. மொன்டானா போன்ற இடங்களுக்குத் தானாகப் பொருந்தாது.

வேட்டையாடாதவருக்கு இதில் என்ன?

1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டாக்கள் மீது விதிக்கப்படும் 10 முதல் 11 சதவீத வரி, மாநிலங்களின் காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. லைசென்ஸ் கட்டணமும் அதற்கே. 1900 வாக்கில் சில லட்சங்களாகச் சுருங்கியிருந்த வெண்வால் மான்கள் இன்று சுமார் 3 கோடியாகப் பெருகியதில் இந்த ஏற்பாட்டுக்கும் பங்குண்டு. போக இடம் இல்லையென்றால் மக்கள் வேட்டையை விடுவார்கள், வருமானம் குறையும். ஓநாய்களை ஒழித்துவிட்ட பகுதிகளில் மானும் கட்டுக்கு மீறிப் பெருகும். பயிர்ச்சேதம், சாலை விபத்து என்று அதன் விலையை எல்லோரும் கொடுக்க வேண்டியிருக்கும்.

அதற்காக நில உரிமையாளரை வில்லனாக்கத் தேவையில்லை. திறந்து போட்ட கேட்டால் மாடு தப்பிப்போவதும், வயலில் டயர் பள்ளம் விழுவதும் அவருக்குத்தான் நஷ்டம். தன் நிலத்துக்கு யார் வரலாம் என்று முடிவு செய்யும் உரிமையும் அவருடையதே.

எனவே தீர்வு இரண்டு விதமாக இருக்க வேண்டும். தனியார் நிலத்தில், வாய்வார்த்தைக்குப் பதில் காகித ஒப்பந்தம். கன்சாஸ் மாநிலம் 1995 முதல் தனியார் நிலத்தைத் தானே குத்தகைக்கு எடுத்து, லைசென்ஸ் உள்ள எவரும் நடந்து போகலாம் என்று திறந்துவிடுகிறது. மொன்டானாவிலும் இப்படியொரு திட்டம் உண்டு. விவசாயிக்குப் பணம் வருகிறது, காசில்லாதவருக்கும் வழி கிடைக்கிறது. இந்த மாதிரித் திட்டங்களுக்கு நிதி கூட வேண்டும்.

பொது நிலத்திலோ, தயவு என்ற பேச்சுக்கே இடமில்லை. அது மக்களுடையது. மூலையைத் தாண்டுவது குற்றமில்லை என்பதை ஆறு மாநிலங்களோடு நிறுத்தாமல், நாடு முழுவதற்கும் பொருந்தும் சட்டமாக அமெரிக்க நாடாளுமன்றம் எழுதிவைக்க வேண்டும். சொந்த நிலத்துக்குள் இறங்க மக்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு அலையும் நிலை தொடரக் கூடாது.