காத்திருக்கட்டும் கணிப்பொறி!

நம் விடுதியில் சில நாட்களாக ஓர் அறிவுரை உலவுகிறது. "ஆய்வுக்கூடத்துக் கோப்பகத்தை உன் லினக்ஸ் கணிப்பொறியில் மவுண்ட் செய்கிறாயா, தம்பி? 'சாஃப்ட்' என்று ஒரு சொல் சேர்த்துவிடு, தொல்லை இல்லை" என்பதே அது. சொல்பவர்கள் நம் மன்றத்து அண்ணன்மார்தாம். அவர்கள்பால் எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் இந்த ஒன்றில் நான் மாறுபடுகிறேன்.

என்.எஃப்.எஸ். என்னும் முறையை 1984-இல் உருவாக்கியது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம். வேறோர் அறையிலுள்ள சர்வரின் வட்டு, நம் வெற்றுக் கோப்பகம் ஒன்றில் வந்து அமர்ந்துகொள்கிறது. அது அயல் வட்டு என்பதே நம் நிரலுக்குத் தெரியாது. வசதியும் அதிலேதான், வம்பும் அதிலேதான். சர்வர் திடீரென்று வாய் மூடிக்கொண்டால்? 'ஹார்ட்' என்று மவுண்ட் செய்திருந்தால், விடை வரும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். 'சாஃப்ட்' என்றால், சில முறை கேட்டுவிட்டு, பிழை என்று நிரலிடம் சொல்லிக் கைகழுவிவிடும்.

சொன்னால் போதாதா என்பீர்கள். கேட்பவர் யார்? சென்ற கோடையில் என் நிரல் இரண்டு இரவுகள் ஓடிக் கணக்கை முடித்தது. நடுவே சர்வர் அறையில் மின்சாரம் போய் வந்தது. நாம் எழுதுவது முதலில் நினைவகத்தில் தங்கி, பிறகே சர்வருக்குப் போகிறது. ஆகவே பிழை பெரும்பாலும் கோப்பை மூடும்போதுதான் தலைகாட்டும். மூடியதன் விடையை நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? நான் பார்க்கவில்லை. "முடிந்தது" என்று திரையில் கண்டு மகிழ்ந்து உறங்கினேன். மறுநாள் வரைபடம் போட்டால், கோப்பின் நடுவே வெறும் சுழியங்கள்! எனக்கு அமைத்துத் தந்த வரியில் 'டைமியோ' 60 என்று இருந்தது. அதன் அலகு வினாடியில் பத்தில் ஒரு பங்கு. அறுபது வினாடி என்று எண்ணி எழுதியவருக்குக் கிடைத்தது ஆறே வினாடி.

"நின்றுபோன நிரலைக் கொல்லவும் முடியவில்லையே" என்பார் உண்டு. அது பழங்கதை. 2008-இல் வந்த 2.6.25 கெர்னல் முதல், 'கில் -9' கொடுத்தால் காத்திருக்கும் நிரலும் போய்விடும்.

படிக்க மட்டும் மவுண்ட் செய்த நூல்களுக்கும் படங்களுக்கும் 'சாஃப்ட்' இருந்துவிட்டுப் போகட்டும். கெடுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. ஆய்வேட்டுக்கான தரவை எழுதும் இடத்தில் வேண்டவே வேண்டாம். எதுவும் குறிப்பிடாவிட்டால் 'ஹார்ட்'தான் இயல்பு. எனவே எஃப்எஸ்டாப் கோப்பில் அந்த ஒரு சொல்லை அழித்தேன், வேறொன்றும் செய்யவில்லை. சென்ற வாரம் சர்வர் நாற்பது நிமிடம் படுத்தது. என் நிரலும் நாற்பது நிமிடம் நின்றது. பிறகு விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கியது. மறுப்புடைய அண்ணன்மார் அடுத்த இதழில் எழுதட்டும். படிக்க நானும் காத்திருக்கிறேன்.